போரில் மறைந்த முன்னோரைத் தேட ஓர் இணையச் சேவை

முதல் உலகப் போரில் உயிர்நீத்த என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எஞ்சியிருந்தவை அவருடைய பெயரும் ஒரு படை எண்ணும் மட்டுமே. அவற்றை வைத்துக்கொண்டு, 1917-இல் நிறுவப்பட்டு, இரு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் நாட்டுப் படையினரின் கல்லறைகளையும் நினைவிடங்களையும் பராமரித்துவரும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தேடல் சேவையைக் கட்டணம் ஏதுமின்றிப் பயன்படுத்தினேன். பெயரை மட்டும் இட்டபோது பக்கம் பக்கமாக முடிவுகள் வந்தன. எண்ணையும் சேர்த்ததும் ஒரே ஒரு வரி எஞ்சியது. படைப்பிரிவு, இறந்த நாள், நினைவிடத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்ட பலகையின் எண் ஆகியவற்றோடு, இன்னாரின் மகன் என்ற குறிப்பும் அதில் இருந்ததைக் கண்டு, நெடுநேரம் திரையிலிருந்து கண்ணெடுக்க முடியவில்லை. அக்காலப் பதிவேட்டின் பக்கத்தையும் படமாக இணைத்திருக்கிறார்கள். தட்டச்சு எழுத்துகளின் மேல் பேனாவால் செய்த திருத்தம்கூடத் தெளிவாகத் தெரிகிறது.

முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் இறந்தோரின் விவரங்களே இங்குள்ளன என்பதால், உயிரோடு திரும்பியவர்களைத் தேடுவோர் படைப்பணி ஆவணங்களையும் யாருக்கு என்ன பதக்கம் என்பதைக் குறித்த பதக்க அட்டைகளையும்தான் நாட வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டலைப் பலவிதமாக மாற்றிப் பார்க்காமல் தேடலைக் கைவிட்டுவிடாதீர்கள்.