நர்சரியைப் பெரிதாக்குவதா, இன்னும் நாலு வீடு பிடிப்பதா? வேலூர் வெயிலில் ஒரு கணக்கு

போன மாதம் என் சித்தி மகன் அரியூரிலிருந்து வந்திருந்தான். இரண்டு வருடமாகச் சாலையோரம் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறான். கூடவே ஏழெட்டு வீடுகளுக்குத் தோட்ட வேலையும் பார்க்கிறான். "அண்ணே, கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. பக்கத்து மனையையும் வாடகைக்கு எடுத்துச் செடி எறக்கவா, இல்ல ஒரு ஆள வெச்சு இன்னும் வீடு பிடிக்கவா?" என்று கேட்டான். குழித்தட்டில், அதாவது குழிகுழியாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டில், வளர்த்து விவசாயிகளுக்கு விற்கும் காய்கறி நாற்றில்தான் காசு இருக்கிறது என்று அவன் மச்சான் வேறு சொல்லியிருக்கிறான். பதினோரு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்திருக்கிறேன். அவனிடம் அன்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நர்சரி. பார்க்க லாபமாகத் தெரிவது இதுதான். நாற்பது ரூபாய்க்கு எடுத்த செடி எண்பது ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு செடிக்கு நாலாயிரம் போட்டு எட்டாயிரம் எடுக்கலாம் போலத் தோன்றும். ஆனால் அந்த நூறில் எத்தனை உயிரோடு விற்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இங்கே சாலையோர நர்சரிகளுக்கு வரும் பூச்செடிகளில் பெரும்பங்கு ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. ஒரு செம்பருத்தியின் கவரைக் கிழித்துப் பாருங்கள். வேரைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குக் களிமண் உருண்டை இருக்கும். கோதாவரிக் கரை ஈரத்தில் அந்த மண் செடியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். வேலூர் வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் தவறினால் செங்கல் போல இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் உருண்டைக்கும் கவருக்கும் நடுவில் வழிந்து கீழே போய்விடும். மேல்மண் ஈரமாக இருக்கும், செடி வாடிக்கொண்டே போகும். இறக்கிய அன்றே உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்து மண்ணை மெல்ல உதிர்த்து, செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்த கவருக்கு மாற்றி, இரண்டு வாரம் நிழல்வலைக்கு அடியில் வைத்துத் தேற்ற வேண்டும். அதற்கு ஆள், கவர், எரு, இடம் எல்லாம் செலவு. நூறில் இருபது போனால் கையில் வருவது ஆறாயிரத்து நானூறுதான். வாடகையும் கரண்டும் அதற்குள்ளேயே வர வேண்டும்.

இன்னொன்று பருவம். ஆடி பிறந்து மழை வாசனை வந்தால்தான் ஜனங்களுக்குச் செடி ஞாபகம் வரும். அங்கிருந்து பொங்கல் வரை வியாபாரம் ஓடும். பங்குனி தொடங்கியதும் படுத்துவிடும். மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் ஒருவரும் வாங்க வரமாட்டார்கள், ஆனால் நாம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். வருமானமே இல்லாத மாதங்களில்தான் செலவு உச்சத்தில் இருக்கும். இடத்தை இரட்டிப்பாக்கினால் அந்தக் கோடை மாதங்களின் சுமையும் இரட்டிப்பாகும். பக்கத்து மனையை எடுக்க வேண்டாம் என்று அவனிடம் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

வீட்டுத் தோட்டப் பராமரிப்பு இதற்கு நேர் எதிர். முதல் அதிகம் தேவையில்லை. கத்தரி, மண்வெட்டி, மருந்து தெளிப்பான், ஒரு வண்டி போதும். கோடையிலும் பணம் வரும், சொல்லப்போனால் கோடையில்தான் நம்மை அதிகம் தேடுவார்கள். ஆனால் ஆள் வைத்துச் செய்தால் கணக்கு எப்படி வரும் என்று உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை போகும் வீட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆள் ஒரு நாளில் நாலு வீடு பார்த்தால், ஆறு நாளில் இருபத்து நாலு வீடு, மாதம் 24,000. ஆளுக்கு நாள் கூலி 650 வீதம் 26 நாளுக்கு 16,900. மீதி ஏழாயிரத்துச் சொச்சம், அதிலும் பெட்ரோல் போக வேண்டும். இதற்கா இவ்வளவு அலைச்சல் என்று தோன்றும்.

அதே ஆள் நாளுக்கு ஆறு வீடு பார்த்தால்? முப்பத்தாறு வீடு, 36,000. கூலி அதேதான். மீதி பத்தொன்பதாயிரம். இந்த இரண்டு வீடு வித்தியாசம் ஆளின் வேகத்தில் இல்லை, வீடுகள் எங்கே இருக்கின்றன என்பதில் இருக்கிறது. காட்பாடி காந்தி நகரில் ஒரு வீடு, அடுத்தது பாகாயத்தில், அதற்கடுத்தது சத்துவாச்சாரியில் என்றால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். நான் முதல் நாலு வருடம் அப்படித்தான் ஓடினேன். யார் கூப்பிட்டாலும் போனேன். அதை வளர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கையில் ஒன்றும் நிற்கவில்லை.

மாறியது ஓர் இட்லிப்பூச் செடியால். காந்தி நகரில் ஓர் அம்மா, "தம்பி, உரம் போட்டுக்கிட்டேதாம்ப்பா இருக்கேன், இலையெல்லாம் மஞ்சளாவே வருது" என்றார். இலையைத் திருப்பிப் பார்த்தேன். நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளுப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. உரத்தில் குறையில்லை, போர் தண்ணீரின் காரத்தன்மையால் மண்ணில் இருக்கும் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியவில்லை. அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, கரைத்து இலையில் தெளித்தேன், வேருக்கு மழைநீரோ குடிநீரோ வாரம் ஒருமுறையாவது ஊற்றச் சொன்னேன். மூன்று வாரத்தில் துளிர் பச்சையாக வந்தது. அந்தத் தெருவிலேயே மூன்று வீடு அந்த அம்மாவே பிடித்துக் கொடுத்தார். ஒரே தெருவில் எல்லோருக்கும் ஏறக்குறைய அதே தண்ணீர், அதே நோய். ஒரு செடியைத் தேற்றினால் மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு தூரத்து வீடுகளை ஒவ்வொன்றாக விட்டேன்.

பராமரிப்பில் கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று மாதக் காசு நிலுவை வைத்து அலையவிட்டார்கள். அன்றிலிருந்து மாதம் பிறந்ததும் முன்பணம் என்று பேசிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். ஆள் நிலைப்பதும் சிரமம். வேலை கற்றவன் தனியாகப் போவான், போகட்டும், நாமும் அப்படி வந்தவர்கள்தானே. வரி விஷயத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். செடி விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது, பராமரிப்புச் சேவைக்கு உண்டு. இரண்டும் செய்பவருக்கு வருடத்தின் மொத்த வரவையும் சேர்த்தே ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்சம் என்ற வரம்பைப் பார்ப்பார்கள்.

மாடித் தோட்டம் அமைத்துக் கொடுப்பதைத் தனி வழியாக நான் எண்ணுவதில்லை. ஒரு தடவை காசு வரும், அவ்வளவுதான். தோட்டக்கலைத் துறையே மானியத்தில் பையும் விதையும் கொடுத்திருக்கும்போது விலையில் போட்டி போட முடியாது. சித்திரை வெயிலில் முக்கால்வாசிப் பைகள் காய்ந்து, அடுத்த வருடம் மாடியில் வெறும் மண்தான் கிடக்கும். மாதப் பராமரிப்போடு சேர்த்துப் பேசினால் மட்டும் எடுக்கலாம். இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அந்த நாற்று இருக்கிறதா என்று மாடித் தோட்டக்காரர்கள் கேட்கிறார்கள். நம்ம ஊர்க் காயை அவர்கள் மாடியில் பார்க்க எனக்கும் ஆசைதான்.

குழித்தட்டு நாற்று நிஜமாகவே பெரிதாகக்கூடிய தொழில். மச்சான் சொன்னதில் பொய்யில்லை. ஒரு தட்டில் 98 குழி. ஏக்கருக்கு ஒன்பதாயிரம், பத்தாயிரம் நாற்று வேண்டுமென்றால் நூறு தட்டு, ஒரே விவசாயியிடம் ஒரே நாளில் போய்விடும். அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் காய்கறி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நர்சரிச் செடி போல இதைக் காத்திருக்க வைக்க முடியாது. தக்காளி நாற்று இருபத்தைந்து நாளில் எடுத்தாக வேண்டும், கத்திரியும் மிளகாயும் அதைவிடப் பத்து நாள் கூடத் தாங்கும். சந்தையில் தக்காளி விலை சரிந்தால், நாற்று சொன்ன விவசாயி அந்த வாரம் வரமாட்டார். முற்றிய நாற்றைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும். அதனால் முன்பணம் வாங்காமல் ஒரு தட்டுகூட விதைக்கக் கூடாது. விதை விற்பனை உரிமமும் எடுக்க வேண்டும், 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை நாற்றுப் பண்ணைகளுக்கும் பொருந்தும்.

எந்த வழியானாலும் தண்ணீர்தான் முதலில். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட வழக்கு 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. மனை வாடகை பேசுவதற்கு முன்னால் ஒரு பாட்டில் போர் தண்ணீரை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போய், இந்தத் தண்ணீரில் நாற்று விட முடியுமா என்று கேட்டுவிட வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் குழித்தட்டில் நிரப்பும் தென்னை நார்க்கழிவு உப்பைச் சேர்த்துக்கொண்டே போகும், இளநாற்று நுனி கருகிவிடும். அரளியும் காகிதப்பூவும் தாங்கும், தக்காளி நாற்று தாங்காது.

என் சித்தி மகனுக்குச் சொன்னது இதுதான். மனையை எடுக்காதே. ஓர் ஆளை வை. தூரத்தில் இருக்கும் இரண்டு வீட்டை யாருக்காவது கொடுத்துவிட்டு, மீதி இருக்கும் தெருவுக்குள்ளேயே அடுத்த வீட்டைத் தேடு. நர்சரியில் அந்த வீடுகளுக்கு வேண்டிய செடி, தொட்டி, எரு மட்டும் வை. கூலிக் கணக்கில் வராத லாபம் அதில் வரும். அடுத்த ஆடிக்கு ஐம்பது தட்டு, முன்பணம் கொடுப்பவருக்கு மட்டும் போட்டுப் பார்.

முகம் கொஞ்சம் வாடித்தான் போனான். மனை எடுத்துப் பெரிய போர்டு வைக்கலாம் என்று நினைத்திருந்தான் பாவம். நேற்று ராத்திரி போன் செய்தான். "அண்ணே, பக்கத்து வீட்லயும் கூப்ட்டாங்க. அங்கயும் இட்லிப்பூ மஞ்சளா கீது. அன்னபேதி எவ்ளோ போடணும்?"

"லிட்டருக்கு அஞ்சு கிராம். வெயில் தாழ்ந்தப்புறம் அடி" என்றேன்.