பேக்கர் ஸ்ட்ரீட்டா, ஹாம்ப்ஸ்டெட்டா?

லண்டனில் ஒரே ஒரு பழைய பாதாள ரயில் நிலையம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறதா?

கட்டிய விதம்: பேக்கர் ஸ்ட்ரீட் (1863) சாலையை வெட்டித் திறந்து, செங்கல் வளைவு கட்டி, மீண்டும் மூடியது. ஹாம்ப்ஸ்டெட் (1907) குன்றின் அடியில் களிமண்ணைக் குடைந்தது.

ஆழம்: முன்னது சாலைக்குச் சற்றுக் கீழேதான். பின்னது சுமார் 58 மீட்டர். மின்தூக்கி உண்டு, வீம்புக்குச் சுழல்படியில் ஏறினால் 300 படிகளுக்கு மேல், முழங்கால் மன்னிக்காது.

காற்று: பேக்கர் ஸ்ட்ரீட்டில் அன்று நீராவி எஞ்சின். 5, 6ஆம் நடைமேடைச் சுவர்களில் வரிசையாகத் தெரியும் மாடங்கள், புகை வெளியேறவும் வெளிச்சம் இறங்கவும் வைத்தவை. ஹாம்ப்ஸ்டெட்டில் தொடக்கம் முதலே மின்சாரம்.

ஆழத்தை உடம்பால் உணர வேண்டுமென்றால் ஹாம்ப்ஸ்டெட். பழமைக்குப் பேக்கர் ஸ்ட்ரீட்; என் ஓட்டு அந்த மாடங்களுக்கே.