டிஷூமில் ஒரு சனிக்கிழமைக் காலை

லண்டன் டிஷூம் உணவகங்களில் காலை உணவு 11.45 மணிக்கு முடிந்துவிடுகிறது. காலை உணவும் மதிய உணவும் ஒன்றாகும் பிரன்ச் என்றால் சாவகாசமாகத் தூங்கி எழுந்து, பகல் ஒரு மணிக்குப் போய் உட்காரும் சங்கதி என்று நினைப்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வார இறுதியில் 9 மணிக்குக் கதவு திறக்கிறது. அதிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரம்தான் கணக்கு. மதுரையிலிருந்து வந்திருந்த பெரியம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை கிங்ஸ் கிராஸ் கிளைக்குப் போனேன். அவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எதற்கும் மதிப்பெண் போடாமல் விடமாட்டார். ஒன்பதே காலுக்கெல்லாம் இருக்கையில் அமர்ந்துவிட்டோம்.

டிஷூம் என்ற பெயரை நமக்கு விளக்க வேண்டியதில்லை. கதாநாயகன் கையை ஓங்கினால் திரையில் எழும் அதே ஓசைதான். 2010-இல் கோவென்ட் கார்டன் பகுதியில் முதல் கடை திறந்தது. கிங்ஸ் கிராஸ் கிளை, ரயிலில் வந்த சரக்குகளை இறக்கி வைப்பதற்காக விக்டோரியா மகாராணி காலத்தில் கட்டப்பட்ட கொட்டகை ஒன்றில் இயங்குகிறது. செங்கல் சுவரையும் இரும்புத் தூண்களையும் மறைக்காமல், பம்பாய் ரயில் நிலையத்தின் பின்புறக் குடோன் என்ற கற்பனையில் உள்ளே அலங்கரித்திருக்கிறார்கள். குடோன் என்ற சொல்லே நம் கிடங்கிலிருந்துதான் கிளம்பியது என்று சொல்வோர் உண்டு. பெரியம்மாவிடம் அதைச் சொன்னபோது, உணவு வருவதற்கு முன்பே கடைக்கு ஐந்து மதிப்பெண் கூடிவிட்டது.

இந்த உணவகத்தின் மூலவேர் பம்பாயின் இரானி கஃபேக்களில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரானிலிருந்து வந்து குடியேறிய ஜொராஸ்டிரியர்கள் (இரானின் பழைய சமயத்தைப் பின்பற்றுவோர்) தொடங்கிய தேநீர்க் கடைகள் அவை. தெருமுனைக் கடை ராசியில்லாதது என்று மற்றவர்கள் ஒதுக்கிய மனைகளை அவர்கள் துணிந்து எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். தெருக்குத்துக்குப் பயந்து மனையைக் கைவிடும் நமக்கு இது புரியாத கதையல்ல. பளிங்குப் பலகை மேசை, வளைத்த மர நாற்காலி, சுவரெங்கும் கண்ணாடி, குறைந்த விலையில் தேநீரும் பன்னும், சாதி மதம் பாராமல் எல்லோருக்கும் இருக்கை என்பவைதான் அவற்றின் அடையாளம். 1904-இல் தொடங்கிய கியானி, 1923-இல் தொடங்கிய பிரிட்டானியா போன்ற சில கடைகள் இன்னும் நடக்கின்றன, பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. அந்த மேசை நாற்காலிகளையும், மங்கிய குடும்பப் புகைப்படங்களையும் லண்டனில் இவர்கள் திரும்ப அமைத்திருக்கிறார்கள். அலங்காரம் மட்டும்தான் என்றால் அதைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். அந்தக் கடைகளில் காலையில் எதைச் சாப்பிட்டார்களோ பெரும்பாலும் அதையே இங்கேயும் காலையில் கொடுக்கிறார்கள். எனக்கு இந்த உணவகத்தைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

இதைச் சொல்வதற்கு ஒரு பின்னணி உண்டு. சில மாதங்களுக்கு முன்பு மத்திய லண்டனில் வேறொரு உணவகத்தில், பெயர் வேண்டாம், இந்திய பிரன்ச் என்று விளம்பரம் செய்திருந்ததைப் பார்த்துவிட்டு நண்பர்களோடு போயிருந்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு அளவில்லாத ஒயின் என்பதுதான் அங்கே முதல் வரி. உணவு இரண்டாம் வரி. முந்தைய இரவு மெனுவில் இருந்த பட்டர் சிக்கனின் மேல் ஒரு பொரித்த முட்டையைக் கவிழ்த்து வைத்து, அதற்குப் பிரன்ச் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். ஆறிப்போய் வந்த தோசைக்குள் மசித்த அவகாடோவைத் தடவியிருந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டின் தலையில் முட்டையை வைத்தால் அது காலை உணவாகிவிடாது. இந்தியாவில் காலை உணவுக்கா பஞ்சம்? வட்டாரத்துக்கு வட்டாரம் விடிகாலையிலேயே அடுப்பு மூட்டுகிற நாட்டிலிருந்து ஒரு காலை உணவைக்கூட எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லையே என்ற வருத்தத்தோடு அன்று வீடு திரும்பினேன்.

டிஷூமில் நாங்கள் முதலில் சொன்னது ஆக்கூரி. இரானிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தியா வந்த ஜொராஸ்டிரியர்களான பார்சிகளின் முட்டை உணவு இது; வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை சேர்த்துக் கிளறுவது. கூடவே பாவ் என்னும் மெத்தென்ற பன்னும் வாட்டிய தக்காளியும் வந்தன. பெரியம்மா முள்கரண்டியால் ஒரு முறை கிண்டிப் பார்த்துவிட்டு, "முட்டைப் பொடிமாசைப் பாதியிலேயே இறக்கிட்டாங்களேப்பா" என்றார். அவர் சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் பொடிமாஸ் ஈரம் வற்றி, உதிர்ந்து, ஓரங்களில் லேசாகச் சிவக்கும்வரை சட்டியில் புரள வேண்டும். ஆக்கூரிக்கு அந்தக் கட்டம் வரவே கூடாது. முட்டை கெட்டியாகத் தொடங்கும்போதே தீயைக் குறைத்து, குழைவும் பளபளப்பும் இருக்கையிலேயே தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டுக்கும் பொருள்கள் ஏறக்குறைய ஒன்றே, பதம்தான் வேறு. பாவைப் பிய்த்து அந்தக் குழைவில் தோய்த்துச் சாப்பிட்டால், அதை ஏன் வற்றவிடவில்லை என்பது விளங்கிவிடும். பெரியம்மாவும் இரண்டாவது வாய்க்குப் பிறகு பொடிமாஸ் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்து பேக்கன் நான் ரோல். டிஷூமின் பெயரைச் சொன்னாலே லண்டன்காரர்கள் நினைத்துக்கொள்ளும் பண்டம் இதுதான். இதற்கும் இரானி கஃபேக்களுக்கும் தொடர்பில்லை. இங்கிலாந்தில் தொழிலாளி முதல் துரை வரை காலையில் விரும்பிச் சாப்பிடும் பன்றியிறைச்சி ரொட்டியைத் தந்தூர் அடுப்புக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அடுப்பின் சுவரிலிருந்து அப்போதுதான் பெயர்த்தெடுத்த நானில் கிரீம் சீஸைத் தடவி, தக்காளியும் மிளகாயும் சேர்ந்த இனிப்புக் காரப் பாகை ஊற்றி, கொத்தமல்லித் தழையைத் தூவி, ஓரம் மொறுமொறுவென்று வாட்டிய பேக்கனை வைத்து மடித்துத் தருகிறார்கள். நானின் அடிப்பக்கம் கருகல் புள்ளிகள் இருக்கும். மேற்பக்கம் ஆவி அடங்காமல் உப்பியிருக்கும். கடித்தவுடன் முதலில் தெரிவது புகை மணமும் உப்பும், அதன்பின் பாகின் இனிப்பு, காரம் மூச்சுக்கு மூச்சு பின்னால் வந்துகொண்டிருக்கும். கத்தியும் முள்கரண்டியும் இதற்கு உதவாது, கையில் எடுத்துச் சாப்பிடுவதே முறை. நான் ரொட்டி ஆறினால் தோல் போல இழுக்கத் தொடங்கிவிடும் என்பதால், புகைப்படம் எடுத்துப் பொழுதைப் போக்காமல் வந்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும். பன்றியிறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கு முட்டை வைத்த நானும் உண்டு.

முந்தைய வருகைகளில் சாப்பிட்ட கீமா பெர் ஈடுவையும் சொல்ல வேண்டும். கொத்திய கோழிக்கறியில் ஈரலும் சேர்ந்த காரமான கீமா, அதன் மேல் பொரித்த முட்டை, அதற்கும் மேலே நூல் நூலாகச் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கு. பார்சிக் குடும்பங்களில் எதை சமைத்தாலும் கடைசியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிவிடுவார்கள் என்று கிண்டலாகச் சொல்வதுண்டு. இங்கே முட்டை மேலே இருப்பதற்கு ஒரு மரபு இருக்கிறது. முன்பு சொன்ன பட்டர் சிக்கனுக்கு அது இல்லை.

கேஜ்ரிவால் என்றொரு தட்டும் பட்டியலில் இருக்கிறது. பச்சை மிளகாயும் சீஸும் உருகிய ரொட்டியின் மேல் பொரித்த முட்டை, அவ்வளவுதான். அரசியல்வாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பம்பாயின் வில்லிங்டன் கிளப்பில் பிறந்த பண்டம் இது. முட்டை நுழையாத சைவ வீட்டிலிருந்து வந்த தேவி பிரசாத் கேஜ்ரிவால் என்ற உறுப்பினர் கிளப்பில் விரும்பிக் கேட்டுச் சாப்பிட்டதால் அவர் பெயரே நிலைத்தது என்று சொல்கிறார்கள். வீட்டில் கிடைக்காததை வெளியே சாப்பிட்டவரின் பெயர் ஊருக்கே தெரியும்படி ஆகிவிட்டது.

தேநீர் இஞ்சியும் ஏலக்காயும் மணக்க வருகிறது. ஒருமுறை காசு கொடுத்தால் போதும், குவளை காலியாகக் காலியாக மீண்டும் ஊற்றுகிறார்கள். அதற்குத் துணையாகப் பன் மஸ்கா வாங்கினோம். வெண்ணெய் தடவிய பன்தான் அது, நம் ஊர்த் தேநீர்க் கடையின் பன் பட்டர் ஜாமுக்கு அண்ணன் முறை. தேநீரில் முக்கி, வெண்ணெய் உருகிக் குவளையின் மேற்பரப்பில் மஞ்சள் வட்டங்களாக மிதக்கும்போது சாப்பிட வேண்டும். பக்கத்து மேசையில் இருந்த ஆங்கிலேயத் தம்பதி பெரியம்மா முக்குவதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் முக்கினார்கள்.

அப்போதுதான் பெரியம்மா பிரன்ச் என்றால் என்ன என்று கேட்டார். 1895-இல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர், முந்தைய இரவு கொண்டாடிவிட்டுத் தாமதமாக எழுகிறவர்களுக்காக, காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கிப் பரிந்துரைத்து எழுதிய சொல் என்றேன். "எங்க அப்பா காலத்துல பத்து மணிக்குச் சோறு, மூணு மணிக்கு டிபன். நாங்க ராத்திரி கொண்டாடாமலேயே இதைச் சாப்பிட்டோம்" என்றார். மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆங்கிலேயரின் காலை மேசையில் இந்தியச் சாயல் படிவதும் புதிதல்ல. நம் கிச்சடியை எடுத்துப் புகையூட்டிய மீனும் அவித்த முட்டையும் சேர்த்து, கெட்ஜெரி என்ற பெயரில் விக்டோரியா காலத்திலேயே அவர்கள் காலையில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். மாலை நேரத்து வரிசை லண்டன் முழுக்கப் பிரசித்தம். காலையில் அந்த நெரிசல் இல்லை, முன்பதிவும் செய்துகொள்ளலாம். முட்டையும் சாப்பிடாத சைவர்களுக்கு ஓட்ஸ் கஞ்சி, பழங்கள், பன் மஸ்கா போன்றவை இருக்கின்றன. இட்லி தோசையைத் தேடிப் போகக் கூடாது. அதற்குத் தமிழர் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாம், வெம்பிளி பகுதிகள் லண்டனில் இருக்கின்றன. ஆக்கூரி, நான் ரோல், பன் மஸ்கா, இரண்டு தேநீர் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஏறக்குறைய 40 பவுண்டு ஆனது. நாம் சாப்பிடும் ஒவ்வொரு உணவுக்கும் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஓர் உணவு என்ற கணக்கில், இந்தியாவில் அட்சய பாத்திரா அமைப்புக்கும் பிரிட்டனில் மேஜிக் பிரேக்ஃபாஸ்ட் அமைப்புக்கும் இவர்கள் நன்கொடை கொடுக்கிறார்கள். சத்துணவுக் கூடத்தைப் பல ஆண்டுகள் மேற்பார்த்த பெரியம்மா, அந்த விவரத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நூற்றுக்கு எண்பத்தைந்து என்றார். மீதிப் பதினைந்து ஏன் போயிற்று என்று கேட்டேன். காபி டிகாஷன் இல்லாத கடைக்கு அதற்கு மேல் போட முடியாது என்று சொல்லிவிட்டு, நான்காவது குவளைத் தேநீருக்குக் கையை நீட்டினார்.