இனிய ஒலிகளுக்கு ஆங்கிலச் சொற்கள்: பெயரடையில் தொடங்குவதா, வினையில் தொடங்குவதா?

காதுக்கு இனிய ஒலிகளை ஆங்கிலத்தில் வர்ணிக்க, சீன மொழி பேசுபவர்களுக்கு இரண்டு விதமாகச் சொல்லித்தரலாம். இனிமை, இதம் என்று பொருள்படும் மெலோடியஸ், சூதிங், டல்சட், மெலிஃப்ளுவஸ் போன்ற பெயரடைகளைப் பட்டியலாகத் தருவது ஒன்று. ரஸில் (இலை சலசலப்பது), மர்மர் (முணுமுணுப்பது), சைம் (மணி ஒலிப்பது), கிளிங்க் (கோப்பைகள் இடிப்பது) என ஒலியையே வினையாகச் சொல்லும் சொற்களில் தொடங்குவது இன்னொன்று. சிங்கப்பூரில் சீனாவிலிருந்து வந்த பெரியவர்களுக்கு வகுப்பெடுக்கும் நான் வினைகளுக்கு மாறிவிட்டேன். என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பெயரடைப் பட்டியலின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். மனப்பாடம் செய்யலாம், காலத்துக்கேற்ப மாற்ற வேண்டியதில்லை. சீனாவின் காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில், பல மாகாணங்களின் ஆங்கிலத் தாளில், கதையைத் தொடர்ந்து எழுதும் பகுதிக்கு 25 மதிப்பெண். எழுத வேண்டியதோ சுமார் 150 சொற்கள். அதற்குத் தயாராகிறவர்கள் அழகான சொற்களைத் தேடுவதில் தப்பில்லை.

ஆனால் எந்தச் சொல் எந்தப் பொருளோடு சேரும்? என் தேர்வைத் தீர்மானித்தது இந்த ஒரு கேள்விதான். சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில் ச்சிங்ட்சுய் என்று ஒரு சொல் உண்டு. மணியோசை, குருவியின் குரல், குழந்தையின் சிரிப்பு, கோப்பைகள் இடிக்கும் ஓசை எல்லாவற்றுக்கும் அது வரும். கன்னத்தில் பளாரென்று விழும் அறைக்கும் அதே சொல்தான்! அதற்கு ஈடாக மெலோடியஸ் என்று மனப்பாடம் செய்த மாணவருக்குக் குருவி வரை கவலையில்லை. கோப்பைக்கு அந்தச் சொல் ஒட்டாது, அறைக்குப் போட்டால் வாக்கியமே கெட்டுவிடும். வினையாகப் படித்தவருக்கு மணி என்றதும் சைம், கோப்பை என்றதும் கிளிங்க், குருவி என்றதும் சிர்ப் வந்து நிற்கிறது. சொல்லும் பொருளும் ஒன்றாகவே மனதில் ஏறிவிடுவதால், பிறகு பிரித்துத் திருத்தும் வேலை குறைகிறது.

வாக்கியமும் இறுக்கமாகிறது. இலைகளின் ஓசைக்குச் சீனத்தில் ஷாஷா. 'ஷாஷா என்று ஒலித்தன' என்பது போலத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வரும்போது 'இலைகள் இனிய ஒலி எழுப்பின' என்று மொட்டையாக நின்றுவிடுகிறது. ரஸில் தெரிந்தால் அந்த ஒரு வினையே போதும். இலை சலசலத்தது, வளையல் கலகலத்தது என்று எழுதிப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும். அவர்களுக்குப் புதுப் பழக்கம் என்பதால் நிறைய நேரம் இதிலேயே போகிறது. போனாலும் பலன் இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒலியைச் சொல்லும் டிங்கிள், ஒளி மினுங்குவதைச் சொல்லும் ட்விங்கிள் போன்றவை ஒன்றோடொன்று குழம்பும். மாண்டரினில் எந்தச் சொல்லும் 'ல்' ஒலியில் முடியாது, அதனால் ரஸில் என்பதன் கடைசி ஒலி பலருக்கு நழுவிப்போகிறது. அப்புறம், மனிதக் குரலுக்கும் இசைக்கும் பெயரடை இல்லாமல் சரிவராது. இதமான குரலுக்கு சூதிங், கனிந்த குரலுக்கு மெல்லோ, ஏறி இறங்கும் பேச்சுக்கு லில்டிங் என்று நான் இவற்றை வினைகளுக்குப் பிறகு தருகிறேன். டல்சட்டை எழுதவே சொல்வதில்லை. இன்றைய ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் கிண்டலாகத்தான் வருகிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் அதிகம் வகுப்பெடுத்ததில்லை. தேர்வு நெருங்கிவிட்ட பிள்ளைக்குப் பட்டியலே கைகொடுக்கலாம். அவகாசம் இருப்பவர்கள் ரஸில், சைம், கிளிங்க், சிர்ப், ஹம் (ரீங்கரிப்பது), பர் (பூனை குறுகுறுப்பது) என்ற ஆறு வினைகளில் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் தாங்களே கேட்ட ஓர் ஒலியை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்க்கட்டும்.