நெகிழ்வான அலுவலக நேரமும் கருமபீடத்தில் காத்திருப்போரும்

இம்முறை விடுமுறையில் யாழ்ப்பாணம் சென்றபோது, அம்மாவின் பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதியின் பிரதிக்குமாகச் சில அரச அலுவலகங்களுக்குச் செல்ல நேர்ந்தது. ஜேர்மனியில் ஒரு நகரசபையின் மக்கள் சேவைப் பிரிவில் பணியாற்றுவதால், உத்தியோகத்தர்களின் வேலைநேரம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதையே கூடுதலாகக் கவனித்தேன்.

உறுதிப் பிரதி சிரமமின்றிக் கிடைத்தது. பிறப்புச் சான்றிதழ்தான் இழுபட்டது. பிரதேச செயலகமொன்றின் கருமபீடத்தில் விண்ணப்பத்தை வாங்கிய இளம் உத்தியோகத்தர், பதிவைத் தேடியெடுத்து, பிரதியை அச்சிட்டு, முத்திரையும் குத்தி அரைமணி நேரத்துக்குள் ஆயத்தமாக வைத்துவிட்டார். "ஏ.டி.ஆர். ஐயா கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில்) கூட்டத்துக்குப் போட்டார். அவர் வந்துதான் கையெழுத்து வைக்கவேணும் அண்ணா, நாளைக்கு வாங்கோ" என்றார். அவர்மீது குறை சொல்ல எதுவுமில்லை. ஒப்பமிடும் அதிகாரம் ஏ.டி.ஆர். எனப்படும் மேலதிக மாவட்டப் பதிவாளருக்கு உரியது. அவர் இல்லாத வேளையில் அதைச் செய்ய இன்னொருவரை ஒழுங்கு செய்யாததே குறை. அன்றைய கூலியை விட்டுவிட்டு வாங்கில் காத்திருந்தவர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

மறுபக்கத்தையும் பார்த்தேன். என் சித்தியின் மகள் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சியிலுள்ள அரச அலுவலகமொன்றுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். காலை 8.30 மணிக்கு விரல் அடையாளம் பதிவதற்காக, பிள்ளைகள் எழும்புமுன் ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீற்றர்ப் பயணத்தைத் தொடங்க வேண்டும், மாலை 4.15க்கு முடித்து வீடு சேரும்போது இருட்டிவிடுகிறது. வன்னியில் கடமையாற்றும் எத்தனையோ பெண்களின் நாள் இப்படித்தான் கழிகிறது. வருகை நேரத்தைச் சற்றே தளர்த்தினால், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க அவர்களால் முடியும்.

இலங்கைக்கு இது புதிய யோசனையன்று. இசுருபாய, செத்சிறிபாய போன்ற பெரும் அலுவலகங்கள் ஒரே வட்டாரத்தில் குவிந்திருக்கும், கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில், 2018இல் வீதி நெரிசலைக் குறைப்பதற்காக நெகிழ்வு நேரம் பரீட்சார்த்தமாக நடைமுறைப்படுத்தப்பட்டது. காலை 7.30க்கும் 9.15க்கும் இடையில் வந்து, வந்த நேரத்துக்கேற்ப 3.15க்கும் 5.00க்கும் இடையில் வெளியேறலாம் என்பதே ஏற்பாடு. எந்நேரம் வந்தாலும் ஏழே முக்கால் மணிநேரம் நிறைவாகிவிடும், 9.15 முதல் 3.15 வரை எல்லோரும் இருக்கையில் இருப்பர். ஜேர்மனியிலும் 1967இல் மியூனிக் அருகே ஒட்டோபுரூனிலிருந்த வானூர்தி நிறுவனமொன்று இம்முறையைத் தொடங்கியபோது, காலைநேர நெரிசலே அதற்கு முக்கிய காரணமாயிருந்தது.

வடக்கில் நெரிசல் ஒரு பொருட்டல்ல. தூரமும் பஸ் நேரமுமே சிக்கல். ஆகவே பத்தரமுல்லை அட்டவணையை அப்படியே பெயர்க்காமல், பஸ் நேரங்களைப் பார்த்து மாவட்ட மட்டத்தில் வகுப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. கருமபீடம் மட்டும் எவருடைய வசதியையும் பொறுத்துத் திறக்கக்கூடாது. எங்கள் அலுவலகத்தில் யார் எப்போது வருவது என்பதை நாங்களே பேசி முடிவெடுக்கிறோம். ஆனால் கருமபீட முறைப்பட்டியல் முன்கூட்டியே எழுதப்படும், ஒப்பமிடும் அதிகாரம் எப்போதும் குறைந்தது இருவரிடம் இருக்கும். சிலர் பிந்தி வர விரும்புவதால்தான் வியாழக்கிழமைகளில் மாலை 6 மணி வரை எங்களால் திறந்து வைத்திருக்க முடிகிறது. ஊரிலும் கிழமையில் ஒருநாளேனும் மாலையில் திறந்திருந்தால், கூலிவேலை செய்பவர் ஒரு நாட்சம்பளத்தை இழக்கத் தேவையில்லை.

ஊருக்குப் போகவிருப்பவர்கள், ஒப்பமிடும் உத்தியோகத்தர் அன்று கூட்டத்திலோ வெளிக்களக் கடமையிலோ இருப்பாரா என்பதைத் தொலைபேசியில் விசாரித்துவிட்டுக் காலையிலேயே செல்லுங்கள். விண்ணப்பத்தில் பதிவு இலக்கத்தையும் குறிப்பிட்டால், தேடும் நேரம் மிச்சமாகும்.