வீட்டு பூலைக் குளிர்காலத்துக்கு நாங்களே மூடுவது: பல வருட அனுபவம்

ரொறொன்ரோவுக்குக் கிழக்கே எங்கள் வீடு. பின்வளவில் நிலத்துக்குள் இறக்கிய, உள்ளே வைனல் விரிப்பு (லைனர்) போட்ட நீச்சல் பூல், சாண்ட் பில்டர், காஸ் ஹீற்றர், உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் உப்பு செல். ஆரம்பத்தில் ஒவ்வொரு இலையுதிர்காலமும் ஒரு கம்பனியைக் கூப்பிட்டுத்தான் மூடுவித்தோம். ஒரு வசந்தத்தில் திறந்து பம்பைப் போட்டால் தண்ணீர் மட்டம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. தேடிப் பார்த்தால் கொங்கிறீற்றுக்கு அடியில் போகும் ஒரு ரிட்டர்ன் குழாய், அதாவது வடிகட்டிய தண்ணீரைப் பூலுக்குத் திருப்பி விடும் குழாய், பிளந்திருந்தது. மூட வந்தவர்கள் அந்தக் குழாய்க்குள் சரியாகக் காற்றடிக்கவில்லை, உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்து குழாயைப் பிளந்துவிட்டது. கொங்கிறீற்றை உடைத்து, குழாயை மாற்றி, மறுபடி ஊற்றி முடிக்க ஆன செலவை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதற்குப் பிறகு நானும் மனைவியும்தான் மூடுகிறோம். ஒரு குழாயும் போகவில்லை.

நானே செய்யலாமா என்று கேட்கிற எல்லாரிடமும் முதலில் சொல்வது, உங்கள் கவனத்தில் முக்கால்வாசியைக் குழாய்களுக்குக் கொடுங்கள். பூலுக்குள் நிற்கும் தண்ணீரால் பெரிய பிரச்சினை இல்லை. தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தி, அதனால் அந்தக் குளிர்ந்த தண்ணீர் அடியில் தங்க, ஐஸ் மேலே மட்டும் பிடிக்கும், ஆழப்பகுதி மாசி மாதத்திலும் தண்ணீராகவே கிடக்கும். ஆனால் உறையும்போது தண்ணீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கிறது, குழாய், பம்ப், ஹீற்றர் எதிலும் அந்தப் பெருக்கத்துக்கு இடமில்லை. இங்கே நிலம் 4 அடி வரை உறையக்கூடியது என்று வைத்துத்தான் வீட்டு அத்திவாரமே போடுகிறார்கள், பூல் குழாய்களோ அதைவிட மிக மேலே ஓடுகின்றன. அப்படியானால் பூலை முழுக்க வெறுமையாக்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். நிலத்தடி நீரின் அழுத்தம் வெறும் பூலைத் தூக்கிவிடும், வைனல் லைனர் சுருங்கிக் கிழிந்துவிடும்.

எப்போது மூடுவது? தண்ணீர் 15 பாகைக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கத் தொடங்கும் போது. எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் ஒக்டோபர், தாங்ஸ்கிவிங் வார இறுதியை ஒட்டி வரும். செப்டெம்பர் தொடக்கத்திலேயே அவசரப்பட்டு மூடினால் சூடான தண்ணீருக்குள் பாசி சுகமாக வளரும், நவம்பருக்குத் தள்ளினால் மேப்பிள் இலை முழுக்க உள்ளே விழுந்து தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி ஆகிவிடும்.

மருந்து விஷயத்தில் கடைக்காரர் நீட்டும் குளிர்காலப் பெட்டிகளை நான் வாங்குவதில்லை. மூடுவதற்கு ஒரு கிழமை முன்னமே பிஎச் 7.2 முதல் 7.6, அல்கலினிற்றி 80 முதல் 120 பிபிஎம் என்று கொண்டுவந்து, பொழுதுபட்ட பிறகு ஷொக் (ஒரேயடியாக அதிக குளோரின்) போட்டு, இரவு முழுக்க பம்பை ஓடவிடுவேன். பகலில் போட்டால் வெயில் குளோரினைத் தின்றுவிடும். குளோரின் பழைய அளவுக்கு இறங்கின பிறகுதான் 60 சதவீத பொலிகுவாட் பாசிக்கொல்லி ஊற்றுவது, ஏனென்றால் அதிக குளோரின் அந்த மருந்தையே அழித்துவிடும். செம்பு சேர்ந்த பாசிக்கொல்லி மலிவு, ஆனால் லைனரில் கறை பிடிக்கலாம் என்பதால் நான் தொடுவதில்லை. இன்னொன்று, இது விளையாட்டில்லை: கால்சியம் ஹைப்போகுளோரைட் ஷொக்கையும் ட்ரைக்குளோர் மாத்திரையையும் ஒரே வாளியில், ஒரே அளவுக் கோப்பையில்கூடச் சேர்க்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கும்.

அப்புறம் தண்ணீரை, மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் வாய்க்கும் ரிட்டர்ன் வாய்களுக்கும் கீழே இறக்கவேண்டும். மிகவும் இறக்கவும் கூடாது: எனது மூடியின் கையேட்டுப்படி தண்ணீர் மட்டம் பூலைச் சுற்றியுள்ள கொங்கிறீற்றுத் தளத்திலிருந்து 18 அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது, பனிப்பாரத்தில் மூடி தாழும்போது அதைத் தாங்குவது அந்தத் தண்ணீர்தான். வெளியேற்றும் தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடாது. தெரு வடிகால் நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது, உப்புத் தண்ணீருக்குச் சில நகரங்களில் தனி விதியே உண்டு. உங்கள் நகரசபை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.

இனிக் காற்றடிப்பு. வீட்டுச் சின்னக் கொம்பிரசரில் அழுத்தம் இருக்கும், காற்றின் அளவு போதாது, ஒன்றரை அங்குலக் குழாயில் அந்தக் காற்று தண்ணீருக்கு மேலால் வழுக்கிப் போய்விடும், தண்ணீர் அடியிலேயே கிடக்கும். பெரிய ஷொப் வாக் (தூசும் தண்ணீரும் இழுக்கும் வாக்கும் கிளீனர்) ஒன்றின் காற்று வெளியே தள்ளும் பக்கம் குறுகிய குழாய்களுக்குப் போதும். எங்கள் குழாய்கள் நீளம் என்பதால் இதற்கென்றே விற்கும் புளோவர் ஒன்று வாங்கினோம், செலவழித்த காசில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது அதுதான். எதால் அடித்தாலும் பில்டர் தொட்டிக்குள்ளால் அழுத்தக் காற்றை விடாதீர்கள், தொட்டியின் மேல்பாகம் பறந்து ஆளைக் கொன்றுவிடக்கூடும். பில்டரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, குழாயில் நேரே அடிக்கவேண்டும்.

நான் பம்ப் பக்கத்தில் நிற்பேன், மனைவி பிளக்கோடு பூல் ஓரத்தில். முதலில் ரிட்டர்ன் வாயிலிருந்து தண்ணீர் கட்டியாகக் கொப்பளித்து வரும், பிறகு நுரை, பிறகு விட்டு விட்டுச் சீறல், கடைசியில் மெல்லிய தூவானம். தூவானத்தைக் கண்டதும் நிறுத்தக்கூடாது, இன்னும் சில நிமிடம் ஓடவிடுங்கள், வளைவுகளில் ஒளித்திருக்கும் தண்ணீர் அப்போதுதான் மறுபடி ஒரு தரம் துப்பும். பிறகு காற்று வந்துகொண்டிருக்கும்போதே றப்பர் பிளக்கைச் செருகி, வண்ணத்துப்பூச்சி நட்டைத் திருகவேண்டும். றப்பர் பிதுங்கி வாயை நிரப்புவது விரலுக்கே தெரியும். மெயின் ட்ரெயின் என்ற முக்கிய வடிகால் வாய் பூலின் அடியில் இருப்பதால் அதற்குப் பிளக் போட வழியில்லை. ஆழப்பகுதியின் நடுவில் பெரிய குமிழிகள் குபுகுபு என்று வரும்வரை அடித்து, வந்துகொண்டிருக்கும்போதே பம்ப் பக்க வால்வைப் பூட்டிவிட்டால் காற்று உள்ளே சிறைப்பட்டுத் தண்ணீரைத் திரும்பி ஏறவிடாது.

ஸ்கிம்மருக்குள் கிஸ்மோ என்ற உள்ளீடற்ற பிளாஸ்ரிக் குழல் திருகுகிறோம், உள்ளே சேரும் மழைத்தண்ணீர் உறைந்தால் நெருக்கம் அதன்மேல் விழும், ஸ்கிம்மர் தப்பும். விலை அற்பம், ஒன்று பல குளிர்காலம் தாங்குகிறது. றப்பர் பிளக்குகள்தான் ஏமாற்றும். பார்வைக்கு நல்லாக இருக்கும், வளைத்துப் பார்த்தால் மயிர்போல வெடிப்பு தெரியும். அப்படியான ஒன்றைத் திரும்பப் போடவே கூடாது. அன்ரிபிரீஸ் நான் மேலதிகக் காப்புக்கு மட்டும் ஊற்றுகிறேன், அதுவும் பூலுக்கென்று விற்கும் புரொப்பிலீன் கிளைக்கோல். காருக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. குழாயில் தண்ணீர் மிச்சமிருந்தால் அது கலந்து அன்ரிபிரீஸின் பலம் குறைந்துவிடும், அதனால் காற்றடிப்பதற்குப் பதிலாக இதை நம்பவேண்டாம்.

பம்ப், பில்டர், ஹீற்றர் எல்லாவற்றின் வடிகால் பிளக்குகளையும் கழற்றி பம்ப் கூடைக்குள்ளேயே போட்டுவைப்போம், வசந்தத்தில் தேடி அலையத் தேவையில்லை. அழுத்தமானியும் உப்பு செல்லும் வீட்டுக்குள் வரும். பில்டரின் மல்ரிபோர்ட் வால்வுக் கைப்பிடியை இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்துவோம்.

மூடிக்கு வந்தால், முன்பு தார்ப்போலினும் அதை ஓரத்தில் அழுத்தும் தண்ணீர்ப் பைகளும். பைகளை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால் உறைந்து வெடிக்கும், தார்ப்போலின்மேல் தேங்கும் தண்ணீரும் இலையும் அருவருப்பு, அந்தத் தேங்கல் சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்தும்கூட. இப்போது வலைத்துணிப் பாதுகாப்பு மூடி. பித்தளை நங்கூரங்கள் கொங்கிறீற்றில், ஸ்பிரிங் பட்டிகளால் இழுத்துக் கட்டுவது. மழை உள்ளே வடிந்துவிடும், ஆள் தவறி ஏறினாலும் தாங்கும். குறை ஒன்று உண்டு, வெளிச்சமும் நுண்ணிய மண்ணும் உள்ளே போகும். மே பிற்பகுதியில் வரும் விக்ரோரியா தினம் வரை காத்திருந்து திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் கிடைக்கும், அதனால் ஏப்ரல் கடைசியில், தண்ணீர் 15 பாகையைத் தாண்டுமுன் நாங்கள் திறந்துவிடுகிறோம். இந்தக் குறையோடு சேர்த்தே, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேறு மூடியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

செயற்கை அருவி, ஸ்பா, நிலத்துக்கடியில் பல கிளைகளாகப் பிரியும் குழாய்கள் உள்ளவர்கள் முதல் வருடம் அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நின்று, எந்த வால்வு எந்தக் குழாய்க்கு என்று கேட்டு, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதுங்கள், ஒவ்வொரு வாயிலும் தூவானம் வந்ததா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.