ஐவிசி ஃபில்டர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் ஃபைலை எடுத்துப் பாருங்கள்

2021-ல் அப்பா பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது, தலையிலும் லேசான ரத்தக்கசிவு. எட்டாம் நாள் இடது கால் வீங்க, டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. அது கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தலையில் கசிவு இருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க ஊசியும் போட முடியாது. அதனால், கட்டி மேலே போகாமல் பிடித்துக்கொள்ள, வயிற்றுக்குள் ஓடும் ஐவிசி என்ற பெரிய ரத்தக்குழாயில் கம்பி ஃபில்டர் வைத்தார்கள். அன்றைக்கு அது சரியான முடிவுதான், அதில் எனக்குக் குறையில்லை.

டிஸ்சார்ஜ் அன்று, "இனிமே கவலையே இல்ல, லைஃப் லாங் பாதுகாப்பு" என்றார் ஜூனியர் டாக்டர். அம்மா பில்லை மடித்தபடியே தலையாட்டினார். மறுபடி வரச் சொல்லி எழுதிக் கொடுத்தது எலும்பு டாக்டரைப் பார்க்க மட்டும்தான்.

மூன்று வருடம் கழித்து முதுகிலும் வயிற்றிலும் வலி. கேஸ் மாத்திரையிலேயே ஐந்து மாதம் போனது. கடைசியில் வேறொரு மருத்துவமனையில் சிடி எடுத்தார்கள். திரையில் துணி கிழிந்த குடைக்கம்பி மாதிரி இருந்தது. ஃபில்டர் சாய்ந்து, அதன் இரண்டு கம்பிக் கால்கள் குழாய்ச் சுவரைத் துளைத்து வெளியே வந்திருந்தன. ஒன்று சிறுகுடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இதை ஏன் இன்னும் எடுக்கல?" என்றார் அந்த டாக்டர்.

எடுக்க வேண்டும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். பழைய ஃபைலைப் புரட்டினால், உள்ளே ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரிலேயே 'ரிட்ரீவபிள்' என்று அச்சிட்டிருந்தது. திரும்ப எடுக்கக்கூடியது என்று அர்த்தம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., 2010-லேயே, 2005 முதல் வந்த 921 புகார்களைச் சொல்லி எச்சரித்திருக்கிறது. இடம் நகர்ந்தது 328, ரத்தக்குழாயைத் துளைத்தது 70. நுரையீரல் ஆபத்து நீங்கியவர்களுக்கு, வைத்த 29 முதல் 54 நாளுக்குள் எடுப்பதே லாபம் என்ற கணக்கை 2014-ல் சொன்னது. அப்பாவுக்கு ஆயிரம் நாள் தாண்டிவிட்டது.

பழைய மருத்துவமனைக்குப் போய்க் கேட்டேன். "ஃபாலோ-அப் வராதது உங்க தப்பு" என்றார்கள். எதற்கு வரச் சொன்னீர்கள் என்று காட்டச் சொன்னதும் பேச்சு மாறிவிட்டது.

சீக்கிரமே எடுத்தால் கழுத்து வழியாகக் கண்ணி விட்டு, ஃபில்டரின் கொக்கியைப் பிடித்து இழுத்துவிடுவார்களாம். அப்பாவுக்குக் கொக்கி சுவருக்குள் புதைந்து போயிருந்தது. முதல் முறை முடியவில்லை. இரண்டாம் முறை நீளமான இடுக்கி விட்டு, மூன்று மணி நேரத்தில் எடுத்தார்கள். ஃபில்டரின் ஒரு கால் ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அது இதயப் பக்கம் நகர்கிறதா என்று இப்போது அவ்வப்போது ஸ்கேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இது வைத்திருந்தால், எந்தத் தேதியில் எடுப்பீர்கள், எந்த டாக்டர் எடுப்பார் என்று எழுதி வாங்குங்கள். சிலருக்கு நிரந்தரமாகவே வைப்பதும் உண்டு. அப்படியென்றால் அதையும் காரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஸ்டிக்கரை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், ஃபைல் தொலைந்தாலும் இருக்கும்.